வீட்டுக்குள் ஒரு கடைமடை



வாசல்வரை ஃபைபர் வந்துவிட்டது, கூடத்தில் டிவி நன்றாக ஓடுகிறது, பின்கட்டில் உட்கார்ந்து படிக்கிற பெண்ணுக்கு மட்டும் நெட் எடுப்பதில்லை. சில மாதங்களாக நமக்கு வரும் கடிதங்களில் இந்தக் குறை அடிக்கடி தலைகாட்டுகிறது. பாபநாசம், ஒரத்தநாடு, திருத்துறைப்பூண்டி என்று ஊர்ப்பெயர் மாறுகிறது, குறை மாறவில்லை. சிலர் மாதக் கட்டணத்தைக் கூட்டிப் பெரிய பிளானுக்கு மாறியும் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் கூடத்தில்தான் வேகம் கூடியது. ஆகவே குறை பிளானில் இல்லை. வாசற்படி தாண்டி உள்ளே போகும் கடைசி ஐம்பது அடியில் இருக்கிறது. அந்த ஐம்பது அடி நம் பொறுப்பு. அதை நாமே சரிசெய்துகொள்ளவும் முடியும். எனவே இம்மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் வைஃபை பெட்டிக்குக் கொடுத்துவிட்டேன்.

நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போட இன்றைக்கு ஆன்லைனில் பதிய வேண்டியிருக்கிறது. சிட்டாவையும் அடங்கலையும் போனில் எடுத்துப் பார்க்கிறோம். மானியம், விதை இருப்பு, வானிலை என்று பலதும் 2018-இல் வந்த உழவன் செயலியில் இருக்கின்றன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்த பிள்ளைகள் லேப்டாப்போடு ஊர் திரும்பினார்கள். சிலர் இங்கிருந்தபடியே வேலையைத் தொடர்கிறார்கள். தஞ்சாவூரிலேயே 2024 செப்டம்பரில் மினி டைடல் பூங்கா திறந்தாயிற்று. ஐந்து பேர் இருக்கிற வீட்டில் ஒரு டெஸ்க்டாப், இரண்டு லேப்டாப், ஆளுக்கொரு போன், ஒரு பிரிண்டர், டிவி, களத்தைப் பார்த்தபடி ஒரு கேமரா என்று பத்துக்கு மேல் கருவிகள் சேர்ந்துவிடுகின்றன. இத்தனையும் ஒரே பெட்டியை நம்பியிருக்கின்றன. அந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. லைன் இழுக்க வந்தவர் வாசல் ஜன்னல் வழியாக ஒயரை உள்ளே விட்டு, பக்கத்தில் எந்த பிளக் இருந்ததோ அதற்கு மேலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போயிருப்பார். அடுத்த வீட்டு வேலை அவருக்குக் காத்திருக்கும்.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்குமா என்று டெல்டா முழுக்கப் பேசுவோம். கல்லணை திறக்கிற அன்று பூத்தூவுவோம். பேராவூரணியிலும் தலைஞாயிறிலும் இருப்பவர் மட்டும் கடைமடைக்கு வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் வயல் அங்கே இருக்கிறது. நெட் விஷயத்திலும் தலைமடைச் செய்திகள் நிறைய வருகின்றன. பாரத்நெட் என்று இன்று சொல்லும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரில் இணைக்க 2018-இல் டான்ஃபிநெட் நிறுவனம் வந்தது. நல்ல காரியங்கள், வரவேற்கிறேன். ஆனால் நான் கேட்க விரும்புவது கடைமடைக் கேள்வி: உங்கள் வீட்டிலேயே சிக்னல் போய்ச்சேராத மூலை எது? அங்கே உட்கார்ந்திருப்பவர் யார்?

பெரும்பாலான வீடுகளில் அது பெண்பிள்ளையாக இருக்கிறது. கூடத்தில் டிவியும் வந்துபோகிறவர்களும் இருப்பதால் அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்கோ மாடிக்கோ போய்விடுகிறாள். சமையற்கட்டில் வேலையாயிருக்கும் மருமகள், பி.எட். தேர்வுக்குப் படிக்கிறவராக இருந்தாலும், அங்கிருந்துதான் வகுப்பைக் கேட்கிறார். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு, வாழ்நாளில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் இந்தியாவில் ஆண்களில் 57.1 சதவீதம், பெண்களில் 33.3 சதவீதம் என்று சொன்னது. இந்த இடைவெளிக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு, எல்லாவற்றையும் ஒரு பெட்டி தீர்க்காது. இருந்தாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஒரு காரணத்தையாவது இந்த ஞாயிற்றுக்கிழமையே சரிசெய்துவிடலாமே என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பழைய வீடுகளைப் பற்றி. கும்பகோணத்திலும் திருவையாற்றிலும் இருக்கிற அந்தக் கால வீடுகள் நீளமானவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், சமையற்கட்டு, கொல்லை என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து ஒன்றரை அடி கனத்துக்குக் கட்டியவை. ரேழியில் மாட்டிய பெட்டியிலிருந்து கிளம்பும் அலை, சமையற்கட்டுக்குப் போவதற்குள் அப்படிப்பட்ட மூன்று சுவர்களைத் துளைக்க வேண்டும். ஒவ்வொரு சுவரும் தன் பங்கை விழுங்கிவிடும். இந்த வீடுகளுக்கு ஒரு பெரிய அனுகூலமும் இருக்கிறது, அதுதான் முற்றம். எல்லா அறையின் கதவும் ஜன்னலும் அதைப் பார்த்தே திறக்கின்றன. முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், சாரல் படாத உள்பக்கமாக, ஆள் உயரத்துக்கு மேலே பெட்டியை மாட்டினால் அலை சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. திறந்தவெளி வழியாகப் போய் எதிர் அறைக் கதவுக்குள் நுழைந்துவிடும். இப்படி இடம் மாற்றினாலே பாதி வீடுகளில் வேறு செலவு தேவைப்படாது என்பது என் எண்ணம்.

ஆனால் ஃபைபரை நீங்களே இழுத்து நீட்ட வேண்டாம். அது தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழை. சுருக்கென்று மடித்தால் வெளிச்சம் கசிந்துவிடும், முறிந்தும் போகும். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவும் கூடாது. அதில் வருகிற லேசர் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. லைன்காரரைக் கூப்பிட்டு, இன்ன இடத்துக்கு மாற்றித் தாருங்கள் என்று கேளுங்கள். புதிதாக இணைப்பு வாங்குகிறவர்கள் அவர் வரும் முன்பே இடத்தை முடிவு செய்து, அங்கே ஒரு பிளக் பாயிண்டும் போட்டு வைத்துவிடுவது நல்லது. பெட்டியில் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வந்துசேரவில்லை என்று பொருள். அதற்குப் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டுப் பயனில்லை, புகார்தான் கொடுக்க வேண்டும்.

புது மாடி வீடுகளின் சங்கதி வேறு. சுவர் மெல்லியது, ஆனால் தளம் கான்கிரீட்; அதற்குள் இரும்புக் கம்பி வலைபோல ஓடுகிறது. கீழ்த்தளத்துப் பெட்டி மாடிக்குச் சிக்னல் அனுப்பத் திணறும். ஸ்டீல் பீரோ, கண்ணாடி பதித்த அலமாரி, மாடித் தண்ணீர்த் தொட்டி எல்லாமே தடைதான். வைஃபையில் இரண்டு அலைவரிசைகள் உண்டு என்பதைப் போனில் பார்த்திருப்பீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே பாதையில்தான் நடக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, கூட்டம் குறைவு. சுவருக்கு எளிதில் தோற்றுவிடும். இவை இரண்டையும் உரிமம் வாங்காமல் யாரும் பயன்படுத்தலாம் என்று நம் நாட்டில் திறந்துவிட்டது வெவ்வேறு காலத்தில்: 2.4-ஐ 2005 ஜனவரியில், 5-ஐ முழுமையாக 2018 அக்டோபரில். பெட்டி இருக்கிற அறையில் 5, தள்ளியிருக்கும் அறையில் 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்துத் தெருவில் வீடு இருந்தால் 2.4-க்கு 1, 6, 11 என்ற மூன்று சேனல்களில் எது காலியாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். இந்த மூன்றுமே ஒன்றின் மேல் ஒன்று விழாதவை.

நெல் நாட்டுக்காரர்களுக்கென்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்து மூட்டைகளைக் கூடத்தில் அடுக்கியபின் நெட் மந்தமாகிவிட்டது என்று பூதலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். வீட்டில் யாரும் நம்பவில்லையாம். அவர் சொன்னது நடக்கக்கூடியதே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் சக்தியைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், ஈர நெல்லில் தண்ணீர் இருக்கிறது. 2012-இல் போயிங் நிறுவனம் விமானத்துக்குள் வைஃபை எப்படிப் பரவுகிறது என்று சோதிக்க, இருக்கைகளில் மனிதர்களுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு மூட்டைகளை உட்கார வைத்தது. நம் உடம்பைப் போலவே கிழங்கிலும் நீர் நிறைந்திருப்பதால் இரண்டும் அலையை ஒரே மாதிரி தடுக்கின்றன. அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே திருப்பிப்போட்டு, சாதாரண வைஃபை அலை கோதுமைக்குள் புகுந்து வரும்போது எப்படி மாறுகிறது என்பதைக் கொண்டு அதன் ஈரப்பதத்தைக் கணிக்கும் முறையை 2018-இல் வெளியிட்டார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத மீட்டருக்கு முன்னால் நெஞ்சு படபடக்க நின்றிருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். நெல்லுக்கும் நம் ஊர்ப் பல்கலைக்கழகங்கள் இதை முயன்று பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதுவரை, மூட்டை அடுக்குகிற இடத்துக்கும் பெட்டிக்கும் நடுவே கொஞ்சம் வழி விடுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பல பேர் வைஃபையையே நெட் என்று நினைத்து ஒயரை மறந்துவிட்டார்கள். நகராத கருவிக்கு ஒயர், நகர்கிற கருவிக்கு வைஃபை என்று பிரித்துவிடுங்கள். டெஸ்க்டாப் நகராது, டிவி நகராது, பிரிண்டரும் கேமராப் பதிவுப் பெட்டியும் நகராதவை. இவை நான்கையும் ஒயரில் கட்டிவிட்டால், காற்றில் மிச்சமிருக்கிற இடம் முழுவதும் போனுக்கும் லேப்டாப்புக்கும் கிடைக்கும். வைஃபையில் ஒரே சேனலில் இருக்கும் கருவிகளில் ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். டிவி படம் இழுத்துக்கொண்டிருந்தால் பின்னறைப் பெண்ணின் லேப்டாப் தன் முறைக்காக நிற்கிறது. டிவியை ஒயருக்கு மாற்றுவது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற உதவி.

ஒயர் என்றால் எலக்ட்ரிக்கல் கடையிலோ கம்ப்யூட்டர் கடையிலோ கேட் 6 கேபிள் என்று கேளுங்கள். விலை மலிவாக இருக்கிறதென்று சிசிஏ வாங்கிவிடாதீர்கள். அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, உப்புக்காற்று அடிக்கிற நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் சீக்கிரம் அரித்துப்போகும், மடக்கினால் முறியும். முழுச் செம்பு என்று எழுதியிருக்க வேண்டும். உள்ளே எட்டு இழைகள், நான்கு ஜோடியாக முறுக்கியிருக்கும். ஆர்ஜே 45 முனையில் அவற்றைச் செருகும் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசைதான். எட்டு இழையும் சரியாகப் பிடித்தால் நொடிக்கு 1,000 மெகாபிட் போகும். பழுப்பு ஜோடியில் ஒரே ஓர் இழை பிடிக்காமல் போனாலும் 100-க்கு இறங்கிவிடும். நெட் ஓடும், ஆனால் வேகம் வராது, காரணமும் புரியாது. கிரிம்பிங் செய்த கடைக்காரரிடமே டெஸ்டரில் போட்டு எட்டு விளக்கும் எரிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கி வாருங்கள். ஒரே நீளத்தில் 100 மீட்டர் வரை இழுக்கலாம், எந்த அக்ரகார வீட்டுக்கும் இது போதும். கரண்ட் ஒயர் போகும் குழாய்க்குள் இதையும் சேர்த்து விடாதீர்கள். தனிக் குழாய் போட்டால் எலியிடமிருந்தும் காப்பாற்றலாம். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கொத்தனார் சுவர் பூசும் முன்பே ஒவ்வோர் அறைக்கும் ஒரு வெறுங்குழாயாவது பதித்துவிடச் சொல்லுங்கள். பெட்டியின் பின்னால் துளை போதவில்லை என்றால் ஐந்து துளை ஸ்விட்ச் ஒன்று வாங்கினால் போதும்; அதற்கு எந்த செட்டிங்கும் கிடையாது, செருகினால் வேலை செய்யும்.

ஒயரும் ஒயரில்லாததும் கலந்து வலை பின்னுவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதனின் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடு மையம். கிராமங்களுக்குத் தொலைபேசி லைன் ஒழுங்காக இல்லாததால், விஎச்எஃப் ரேடியோவைக் கம்ப்யூட்டரோடு இணைத்துக் காற்று வழியாகவே தகவல் அனுப்பினார்கள். மின்சாரம் நிற்கும் நேரத்துக்குச் சூரியத் தகடு. ஏம்பலத்தில் அந்த மையம் கோயில் கட்டடத்திலேயே இருந்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயரக் கணிப்பை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு வாசித்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார முடியாதவர் காதுக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று அவர்கள் யோசித்தார்கள், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பிறகு இஸ்ரோவும் சேர்ந்து செயற்கைக்கோள் இணைப்பு கொடுத்து, 2004 அக்டோபர் 18-இல் கிராம வள மையங்களை அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டில் முதலில் வந்த மூன்றில் ஒன்று நம் திருவையாற்றில். மற்றவை செம்பட்டியிலும் தங்கச்சிமடத்திலும். ஓர் ஊருக்கே ஓர் இணைப்பு என்று இருந்த காலம் அது. இன்றைக்கு ஒரு வீட்டுக்கு வந்துசேரும் இணைப்பு அதைவிடப் பலமடங்கு பெரியது.

இனி இரண்டாவது பெட்டி. தாழ்வாரத்துக்கு மாற்றியும் மாடிக்கோ கொல்லைப்பக்க அறைக்கோ சிக்னல் போகவில்லை என்றால், பிளக்கில் செருகுகிற ரிப்பீட்டர் என்று ஒன்றைக் கடையில் காட்டுவார்கள். பெரும்பாலானவை முதல் பெட்டியிடம் கேட்பதும் நம்மிடம் பேசுவதும் ஒரே ரேடியோவில், ஆகவே வேகம் பாதியாகிவிடும். வாங்காதீர்கள் என்றே சொல்வேன். பழைய ரூட்டர் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் அதையும் ஒரு கேட் 6 ஒயரையும் வைத்து அதைவிட நன்றாகச் செய்யலாம்.

பழைய ரூட்டரைத் தனியாக ஆன் செய்து, லேப்டாப்பை ஒயரில் அதனோடு மட்டும் இணையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 192.168.0.1 என்றோ 192.168.1.1 என்றோ எண் இருக்கும்; பிரவுசரில் அதைத் தட்டினால் செட்டிங் பக்கம் திறக்கும். வீட்டின் முதல் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று எண் கொடுங்கள். டிஹெச்சிபி என்று இருப்பதை நிறுத்திவிடுங்கள். கருவிகளுக்கு எண் வழங்குகிற வேலை அது, ஒரு வீட்டில் அந்த வேலையை ஒருவர்தான் பார்க்க வேண்டும். இருவர் பார்த்தால் வழி தவறிய கருவிகள் நெட் இல்லாமல் திண்டாடும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முதல் பெட்டியில் உள்ளபடியே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும். சேமித்தபின் முதல் பெட்டியின் லேன் துளையிலிருந்து ஒயரைக் கொண்டுவந்து இதன் லேன் துளையில் செருகுங்கள். வேன் என்றோ இன்டர்நெட் என்றோ எழுதி வேறு நிறத்தில் இருக்கும் துளையைக் காலியாக விட்டுவிடுங்கள். அதில் செருகினால் நெட் வரும், ஆனால் வீடு இரண்டு தனித்தனி வலையாகப் பிரிந்துபோய், முன்கட்டு லேப்டாப்புக்குப் பின்கட்டு பிரிண்டர் கண்ணில் படாது. பல வீடுகளில் பிரிண்டர் தகராறு இங்கேதான் தொடங்குகிறது. புது ரூட்டர்களில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் என்று ஒன்று உண்டு; அதைத் தேர்ந்தெடுத்தால் இவ்வளவு வேலையும் தானாக நடந்துவிடும், அந்த மோடில் எந்தத் துளையில் செருகுவது என்று அதன் கையேடு சொல்லும். கடைசியாக முதல் பெட்டியில் ஒரு திருத்தம்: டிஹெச்சிபி 192.168.1.100-இலிருந்து எண் வழங்கட்டும். அதற்குக் கீழே உள்ள எண்கள் இரண்டாவது பெட்டிக்கும் பிரிண்டருக்கும் கேமராவுக்கும் நிரந்தரமாக இருக்கும்.

எல்லா வீட்டிலும் இதே 192.168 எப்படி என்று கேட்கலாம். பழைய முறை ஐபி விலாசங்கள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடிதான். உலகத்துக்குப் போதாது என்று முன்கூட்டியே தெரிந்து, 1996-இல் சில எண் தொகுதிகளை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார்கள். வெளியே போகும்போது ரூட்டர் தன் ஒரே வெளி விலாசத்தை எல்லாருக்கும் போட்டு அனுப்பும். ஆசியா-பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் இன்று பல கம்பெனிகள் பல வீடுகளைச் சேர்த்து ஒரே விலாசத்துக்குப் பின்னால் வைக்கின்றன. வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரே எட்டிப்பார்க்க முடியாமல், கேமரா கம்பெனியின் செயலி வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருப்பதற்கு அது ஒரு காரணம்.

பாதுகாப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். செட்டிங் பக்கத்துக்கு நுழையும் பாஸ்வேர்டு பல பெட்டிகளில் அட்மின் என்றே வருகிறது. அதை மாற்றாமல் விடாதீர்கள். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டோடு அப்படியே விட்டிருந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் உலகம் முழுக்கத் தேடிப்பிடித்துத் தன் படையில் சேர்த்துக்கொண்டது. அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களே பல மணி நேரம் திறக்கவில்லை. சொந்தக்காரர்களுக்குத் தங்கள் கேமரா அதில் சேர்ந்திருப்பதே தெரியாது. வைஃபைக்கு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 வையுங்கள், டபிள்யூபிஎஸ் என்பதை நிறுத்துங்கள். போன் நம்பரையோ பிள்ளை பெயரையோ பாஸ்வேர்டாக வைக்காதீர்கள். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வீடு நிறைய உறவு வருகிற ஊர் நம்முடையது. வந்தவர்களுக்கு நெட் இல்லை என்று சொல்ல மனம் வராது, சொல்லவும் வேண்டாம். கெஸ்ட் நெட்வொர்க் என்று பெட்டியிலேயே இருக்கிறது. அதற்குத் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால் விருந்தினர் போனில் என்ன இருந்தாலும் உங்கள் கணக்கு வழக்கு இருக்கும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் அது வராது. பழைய ரூட்டர் கெஸ்ட் நெட்வொர்க்கை நம்ப வேண்டாம், முதல் பெட்டியில் வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்குகிற நாடு இது. மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும். ரூட்டருக்கு 12 வோல்ட் மின்சாரமே போதும் என்பதால் அதற்கென்று சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. கரண்ட் போனாலும் சில மணி நேரம் தாங்கும். பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்கேற்றதை வாங்குங்கள். இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே பாதுகாப்பு. ஃபைபர் கண்ணாடி, மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் கம்பத்திலிருந்து அதைத் தாங்கி வருவது பல இடங்களில் இரும்புக் கம்பி. அந்தக் கம்பி வெளிச்சுவரிலேயே நின்றுவிட வேண்டும், பெட்டிவரை வரக்கூடாது. தென்னந்தோப்பு நடுவே உள்ள மோட்டார் ஷெட்டுக்கு வீட்டிலிருந்து செம்பு ஒயர் இழுப்பதும் மின்னலுக்குப் பாதை போட்டுக் கொடுப்பதாகிவிடும். தூரமானால் ஃபைபரோ, இரண்டு முனையிலும் மாட்டும் வெளிப்புற வைஃபை டிஷ்ஷோதான் சரி, டிஷ் என்றால் நடுவே மட்டை மறைக்காத உயரம் வேண்டும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது கம்பமும் தென்னையும் டவரும் ஒன்றாகச் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிக் கிராமங்களில் உறவினர்களின் குரலைக் கேட்கவே நாள்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. அப்படிப்பட்ட நாளில் எந்த வீட்டு ஏற்பாடும் முழுதாக நிற்காது. ஃபைபர் வைத்திருப்பவர்களும் வேறு கம்பெனி சிம் ஒன்றை ரீசார்ஜ் செய்து கையில் வைத்திருங்கள்; அதை போனில் ஹாட்ஸ்பாட்டாகப் போட்டால் லேப்டாப்புக்கும் உதவும்.

இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ரூட்டரைத் தொடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டின் வரைபடத்தைக் கையாலேயே ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். ஒவ்வொரு சுவரும் செங்கல்லா, மண்ணா, கான்கிரீட்டா. ஃபைபர் எங்கே நுழைகிறது. பீரோவும் தண்ணீர்த் தொட்டியும் எங்கே. பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று குறித்து, அறைகளின் நீள அகலத்தையும் எழுதுங்கள். முதல் பெட்டி எங்கே, இரண்டாவது எங்கே, ஒயர் எந்த வழி என்று நம் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி சிவப்பு மையில் போட்டுத் திருப்பி அனுப்புவார். முற்றம் வைத்த வீடு, ஓட்டு வீடு, மாடி வீடு என்று வகைக்கு ஒன்றை, பெயரும் ஊரும் குறிப்பிடாமல், அடுத்த இதழில் அச்சிடலாம் என்றிருக்கிறேன். உறைமேல் "வைஃபை" என்று எழுதுங்கள். பாஸ்வேர்டை எங்களுக்கும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்